நின்ற காரில் காயில் ஸ்பிரிங் எப்படி உடையும்?

வாசகர் கேள்வி, 16 ஜனவரி

பொங்கலுக்குத் தேவகோட்டை பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம். வீட்டுக் கொட்டகையில் 20 வருஷப் பழைய சின்னக் கார் ஒன்று நிற்கிறது. திருவிழா, கல்யாணம் என்றால் எடுப்போம், அவ்வளவுதான். நேற்று ராத்திரி ஓட்டி வந்து விட்டபோது ஒரு குறையும் இல்லை. காலையில் பார்த்தால் முன்னால் இடப்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. மெக்கானிக் வந்து காயில் ஸ்பிரிங், அதாவது சக்கரத்துக்கு மேலே காரின் பாரத்தைத் தாங்குகிற சுருள் கம்பி, உடைந்துவிட்டது என்கிறார். நின்ற காரில் அது எப்படி உடையும்? கடல் காற்று என்கிறார் சித்தப்பா. கல்யாணத்துக்கு எட்டுப் பேரை ஏற்றினால் உடையாதா என்கிறார் ஆச்சி. இப்ப வர்ற இரும்பே சரியில்லை என்கிறார் எங்கள் ஐயா. யார் சொல்வது சரி?

16 ஜனவரி, இரவு

ஐயா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவர் நினைக்கிற காரணத்தால் இல்லை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் காரை ஓட்டாதீர்கள். பட்டறை வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன் ஸ்ட்ரட்டில், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த காலில், உடைந்த முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டை விட்டு நழுவி டயர் பக்கம் போனால் டயரைக் கிழித்துவிடும்.

உடைந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பொத்தாம்பொதுவாக ஸ்பிரிங் படம் வேண்டாம். முறிந்த இடம் மட்டும், வெயிலில் வைத்து, கிட்டத்தில்.

17 ஜனவரி

படம் வருவதற்குள் கொஞ்சம் அடிப்படை.

காயில் ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி வளைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளைவது சொற்பம். கம்பி முறுக்கப்படுகிறது. நீளமான ஒரு கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால் என்ன நடக்குமோ அதுதான் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. திருகு விசை கம்பியின் நடுவில் ஒன்றுமில்லை, மேற்பரப்பில்தான் உச்சம். அதிலும் சுருளின் உட்புறம் பார்த்த மேற்பரப்பில் இன்னும் கூடுதல். ஆக, ஸ்பிரிங்கின் ஆயுசு முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலில் ஒரு பள்ளம் விழுந்தால் உள்ளே இருக்கிற நல்ல இரும்பால் பெரிய பிரயோஜனம் இல்லை.

பள்ளிக்கூடச் சாக்பீஸ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது மாதிரி திருகிப் பாருங்கள். நேராக முறியாது. சாய்ந்து, சுழன்ற மாதிரி முறியும். காயில் ஸ்பிரிங்கும் அப்படித்தான், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் முறியும். உங்கள் துண்டிலும் அதைப் பார்ப்பீர்கள்.

17 ஜனவரி, சற்று நேரம் கழித்து

"எங்க அப்பச்சி அம்பாசடர் 40 வருஷம் ஓடுச்சு, முன்னால காயில் ஸ்பிரிங் ஒரு தடவைகூட உடையல" என்று பள்ளத்தூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

உடைந்திருக்காது. அம்பாசடரில் முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். 2014-ல் தயாரிப்பை நிறுத்தும் வரை அதே கதைதான். இல்லாத ஸ்பிரிங் உடையாததற்கு அப்பச்சி ஓட்டிய லட்சணம் காரணம் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் அவர் கேட்டது ஒரு வகையில் நல்ல கேள்வி. டார்ஷன் பார் என்பது நேராகப் படுத்திருக்கிற ஸ்பிரிங். அதைச் சுருட்டி வைத்தால் காயில். இரண்டும் முறுக்கில்தான் வேலை செய்கின்றன. வித்தியாசம், டார்ஷன் பார் வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கிறது, அதில் மண் தங்குவதற்குக் கிண்ணம் இல்லை. காயில் உட்காரும் தட்டே ஒரு கிண்ணம். கதையே அந்தக் கிண்ணத்தில்தான்.

பியட் பத்மினி வைத்திருந்தவர்கள் பேசலாம். அதில் முன்னால் காயில், பின்னால் பட்டை.

18 ஜனவரி

படம் வந்துவிட்டது. தெளிவாக எடுத்திருக்கிறார், கொட்டகைத் தரையில் செய்தித்தாள் விரித்து வைத்து.

அடி முனையிலிருந்து ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் முறிந்திருக்கிறது. முறிந்த முகத்தில் இரண்டு நிறம் தெரிகிறதா? ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிறை, கறுப்பும் காவியும் கலந்தது. மீதி முழுக்கச் சாம்பல் நிறத்தில், உடைத்த கற்கண்டு மினுக்கோடு இருக்கிறது. அந்தக் கறுப்புப் பிறை பழைய விரிசல். மாசக்கணக்கில், ஒருவேளை ஒரு வருஷத்துக்கும் மேலாக, உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்தபடியே வளர்ந்தது. மினுக்குகிற பாகம் அன்றைக்கு ராத்திரி போனது.

பிறை எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு பொட்டுக் குழி. வர்ணம் உரிந்த இடத்தில் துரு அரித்த குழி. அங்கேதான் ஆரம்பம்.

அதனால் கல்யாணத்துக்கு ஏறிய எட்டுப் பேரும் நிரபராதி. எட்டாவது ஆள் வேண்டுமானால் விரிசலைக் கொஞ்சம் முன்னேற்றியிருக்கலாம். ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

18 ஜனவரி, மாலை

ஏன் எப்போதும் அடிச்சுற்றிலேயே உடைகிறது? கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்ற காலத்தில் உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேல் சுற்றில் முறிந்தது அபூர்வம். பெரும்பாலும் அடியில்தான்.

காயிலின் கடைசிப் பாகம் தட்டில் உட்கார்ந்திருக்கும். அது வேலை செய்யாத சுற்று. அதற்கு மேலே உள்ளதுதான் அமுங்கி விரியும். உட்கார்ந்த பாகம் முடிந்து வேலை செய்கிற பாகம் தொடங்கும் இடத்தில் கம்பி ஒவ்வொரு குலுக்கலுக்கும் தட்டைத் தொட்டுத் தொட்டு விலகும். இடையில் ஒரு மணல் பொடி இருந்தால் போதும், வர்ணத்தைத் தேய்த்து எடுத்துவிடும். நம் பக்கம் மணல் பொடிக்கா பஞ்சம்?

திருமயத்திலிருந்து இந்தப் பக்கம் செம்மண்ணும் சரளையும். ஊருக்குள் திரும்புகிற கப்பிச் சாலைகளில் முன் டயர் தெறிக்கிற சரளை ஸ்பிரிங்கில் அடித்து வர்ணத்தைப் பொரிய வைக்கும். மழைக்காலத்தில் செம்மண் சேறு தட்டுக்குள் போய், ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்திருக்கிற ரப்பரின் வாய்க்குள் அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்து தூசியாகத் தெரியும், அடியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். ரப்பரைக் கழற்றினால் களிமண் அச்சு மாதிரி முழுசாகப் பெயர்ந்து வரும், உள்பக்கம் இன்னும் சில்லென்று இருக்கும். நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், வெளியே சுள்ளென்று வெயில்.

தினம் ஓடுகிற காரில் சக்கரக் காற்றும் வெப்பமும் அதைக் கொஞ்சமாவது உலர்த்தும். நம் ஊர்களில் கார் கொட்டகையில் நிற்கிறது. ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கார் தை மாதம் வரை அப்படியே நிற்கும். ஓடாத கார் தேயாது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

19 ஜனவரி

கடல் காற்று விவகாரம். தொண்டி தேவகோட்டையிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கரையை விட்டு உள்ளே வர வர காற்றில் இருக்கிற உப்பு சடசடவென்று குறைந்துவிடும். வீட்டுக் கொட்டகையில் நிற்கிற காரைத் தொண்டிக் கடல் அரிக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ராமேஸ்வரம் போனீர்களா? தனுஷ்கோடியில் மணலில் இறக்கினீர்களா? அந்த உப்பு ஈரத்தோடு வந்து, அடியைக் கழுவாமல் கொட்டகையில் விட்டால் அது வேறு கணக்கு. பாம்பன், மண்டபம் பக்கத்துக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைப் பார்ப்பதற்கென்றே நம் காரைக்குடி சிக்ரி மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அங்கே உலோக அரிப்பு ஒரு பெரிய துறை. காரைக்குடிக்காரன் துருவைப் பற்றி வெளியூரில் போய்க் கேட்டால் ஊருக்கு அவமானம்.

19 ஜனவரி, இரவு

இப்போது ஐயாவின் இரும்பு.

அந்தக் காலத்து ஸ்பிரிங் தடித்த கம்பி. எஃகின் பலம் இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு, ஆனால் கம்பி தடிமன், ஆகவே ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுமக்கிற பாரம் குறைவு. இப்போது வண்டி எடை குறைய வேண்டும், பெட்ரோல் மிச்சமாக வேண்டும். சிலிக்கானும் குரோமியமும் சேர்த்த உயர்பலம் கொண்ட எஃகு, மெல்லிய கம்பி, குறைந்த சுற்று. வீடு கட்ட வாங்குகிற எஃப்இ 500 கம்பி 500 மெகாபாஸ்கலில் (உலோகத்தின் பலத்தைச் சொல்கிற அலகு) நெகிழத் தொடங்கும். ஸ்பிரிங் கம்பியின் இழுவிசைப் பலம் 1,600-லிருந்து 2,000 மெகாபாஸ்கல் வரை போகும். இரும்பு மட்டமாகிவிட்டது என்று சொல்ல வழியில்லை, ரொம்பவே உசத்தியாகிவிட்டது. ஆனால் எஃகு எவ்வளவு பலமோ அவ்வளவு ரோஷம். சின்னக் கீறல், சின்னக் குழி எதையும் பொறுக்காது.

அதனால்தான் ஆலையில் மேற்பரப்பைக் குண்டு மாரியால் அடிக்கிறார்கள், பொடிப்பொடி எஃகு மணிகளால். அப்படி அடித்தால் தோல் இறுகி, உள்ளுக்குள் அமுக்கப்பட்ட நிலையில் நிற்கும், விரிசல் சுலபமாக வாய் திறக்காது. அதன் மேல் பவுடர் கோட்டிங். துருக்குழி அந்த இறுகிய தோலைத் தாண்டி இறங்கிவிட்டால் இரண்டு காவலும் போச்சு.

20 ஜனவரி

கணக்கு கேட்டிருக்கிறார் ஒருவர். சரி.

கம்பியில் ஏறும் முறுக்கழுத்தம் விட்டத்தின் மும்மடிக்குத் தலைகீழ். 10 மில்லிமீட்டர் கம்பி சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அரித்து 9 ஆனால், 10/9 மும்மடி, சுமார் 1.37. அதே பாரத்துக்கு அந்த இடத்தில் அழுத்தம் 37 சதவீதம் கூடிவிட்டது. இது ஒழுங்காகத் தேய்ந்ததற்கு. குழியாக அரித்தால் குழியின் அடியில் இன்னும் மோசம்.

இதில் விஷமம் என்னவென்றால், ஒரே இடத்தில் அரித்தால் காரின் உயரம் குறையாது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பது எல்லாச் சுற்றும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஒரு சுற்றில் அரை விரல் நீளத்துக்கு மெலிந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மாறாது. முதல் நாள் ராத்திரி நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியது உண்மைதான். உயரத்தை வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

20 ஜனவரி, மாலை

"மார்கழிக் குளிர்ல சுருங்கி உடைஞ்சிருக்கும்" என்கிறார் இன்னொருவர்.

பனிநாடுகளில் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது எஃகு இன்னும் நொறுங்கும் தன்மைக்கு வரும். அதைவிடப் பெரிய காரணம், பனி உருகுவதற்குச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். பிரிட்டனில் வருஷாந்தர வாகனச் சோதனையில் உடைந்த ஸ்பிரிங் இருந்தால் கார் தேறாது. தேவகோட்டையில் மார்கழி ராத்திரியில் போர்வை தேடுவோம், எஃகு தேடாது.

நின்ற காரில் உடைந்ததற்கு விடை இது. கார் நின்றாலும் ஸ்பிரிங் ஓய்வெடுப்பதில்லை. முன்பாரம் இரவு பகலாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. விரிசல் ஓர் அளவைத் தாண்டினால் குலுக்கல் தேவையில்லை, நின்ற பாரமே போதும். இன்னொன்றும் உண்டு. துருக்குழிக்குள் நடக்கிற வேதிவினையில் ஹைட்ரஜன் விடுபடும். அது உயர்பல எஃகுக்குள் நுழைந்து விரிசலின் நுனியை நொறுங்க வைக்கும். நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு சத்தமில்லாத ராத்திரியில் டங் என்று முடியும். கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டதா என்று வீட்டில் கேளுங்கள். பூனை என்று நினைத்திருப்பார்கள்.

21 ஜனவரி

கேள்வி கேட்டவர் எழுதுகிறார்: "அப்பத்தாவுக்குச் சத்தம் கேட்டதாம். மேல்மாடத்துல பித்தளைத் தவலை உருண்டுச்சுனு நினைச்சாங்களாம்."

பூனையைவிடத் தவலை நல்ல ஊகம்.

21 ஜனவரி, இரவு

வெல்டிங் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

ஸ்பிரிங்கை 900 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400 சொச்சத்தில் பதம் போடுகிறார்கள். அந்தப் பதம்தான் ஸ்பிரிங். வெல்டிங் வைத்த இடம் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி விறைக்கும், அதை ஒட்டியே இன்னொரு பக்கம் இளகிப்போகும். பட்டறை வாசலைத் தாண்டும் வரை நிற்கலாம். கேஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்கி உயரம் குறைக்கிற பையன்களுக்கும் இதே பதில். சிவந்தால் பதம் போச்சு. பக்கத்தில் சைலன்சருக்கு வெல்டிங் வைக்கும்போது தெறிக்கிற பொறி ஸ்பிரிங்கில் ஒட்டினால்கூட அந்தப் புள்ளியில் பின்னால் விரிசல் விழும். சாக்கை நனைத்து மூடச் சொல்லுங்கள்.

பட்டைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஒரு பட்டை முறிந்தால் மற்றவை தாங்கும், முறிந்ததை மட்டும் மாற்றி, தொங்கியதை அடித்து வளைத்துக் கொடுப்பார்கள். முறிந்த லாரிப் பட்டை கொல்லன் உலைக்குப் போய் அரிவாளாகத் திரும்பி வரும், நம் சிவகங்கைச் சீமையில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயில் உடைந்தால் அந்தப் பாக்கியமும் இல்லை. நேராக்குவதற்குள் கொல்லனுக்குக் கோபம் வந்துவிடும்.

23 ஜனவரி

கானாடுகாத்தான்காரர் ஒருவர், வீட்டில் நிற்கிற பழைய அமெரிக்கக் காருக்கு இதே ஆபத்து உண்டா என்கிறார். எந்த வருஷத்துக் கார் என்று பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகக் காயிலில் நிறுத்தியது 1934-ல். அதற்கு முந்தியது என்றால் அநேகமாக நாலு பக்கமும் பட்டை. பிந்தியது என்றால் குனிந்து பார்ப்பது நல்லது. அந்தக் கம்பி தடிமனாக இருக்கும், பயப்படும்படி இருக்காது. ஆனாலும் தட்டில் காய்ந்த மண் இருந்தால் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதன் பம்பர் விலைக்கு வந்ததா என்று இன்னொருவர் கேட்கிறார். அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

24 ஜனவரி

ரப்பர் பஃபர். காயிலின் இரண்டு சுற்றுக்கு இடையே செருகுகிற வளையம், "வேகத்தடையில் தட்டாது" என்று விற்கிறார்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் மாறி மாறி யோசித்தவன்.

நின்ற பாரத்துக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. ஒரே பாரம்தான் எல்லாச் சுற்றிலும் போகிறது, சுற்று எத்தனை என்பது அழுத்தத்தை மாற்றாது. பள்ளத்தில் இறங்கும்போதுதான் கதை மாறும். சக்கரம் அதே அளவு ஏறும், வேலை செய்கிற சுற்று குறைந்திருக்கும், மிச்சச் சுற்று ஒவ்வொன்றும் கூடுதலாக முறுக்கப்படும். சுற்றை வெட்டிக் காரைத் தாழ்த்துபவர்களுக்கும் இதே கணக்கு. அப்புறம் அந்த ரப்பர் வாய், அது இன்னொரு கிண்ணம். செம்மண் அதற்குள்ளும் குடியேறும். வயசான ஸ்பிரிங்கில் போடாதீர்கள். தொங்கிப் போயிருந்தால் மாற்றுங்கள்.

24 ஜனவரி, பின்குறிப்பு

வாட்டர் சர்வீஸ் பற்றி மேலே போகிற போக்கில் சொன்னேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சர்வீஸே கூடாது என்று சொல்லவில்லை. காருக்கு அடியில் கழுவுவது நல்லதுதான், கடற்கரை போய் வந்தால் கட்டாயம். நேராகத் தட்டில் வைத்துப் பீய்ச்சினால் மண் உள்ளே தள்ளப்படும், அவ்வளவுதான். சில ஊர்களில் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். கழுவியபின் உடனே கொட்டகைக்குள் விடாமல் ஒரு சுற்று ஓட்டி உலர்த்தி நிறுத்துங்கள். குன்றக்குடி போய்க் கும்பிட்டு வந்தால் அதுவும் ஆச்சு, இதுவும் ஆச்சு.

வர்ணம் உரிந்த இடம் தெரிந்தால், துரு மேலோட்டமாக இருக்கும்போதே தேய்த்து ரெட் ஆக்சைடு, அதன் மேல் வர்ணம். விரலால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் வர்ணம் பூசி மறைப்பதில் அர்த்தமில்லை.

27 ஜனவரி

மாற்றியாகிவிட்டதா? ஜோடியாகத்தானே? ஒன்றை மட்டும் மாற்றினால் புதுப்பக்கம் தூக்கும், பழைய பக்கம் தாழும். வலப்பக்கமும் அதே மண்ணில் அதே வருஷம் ஓடியதுதான், அடுத்த பொங்கலுக்கு அதுவும் தவலை உருட்டும்.

ஸ்பிரிங்கில் இருக்கிற வர்ணப் பொட்டு அலங்காரம் இல்லை, பார வகையைக் காட்டும் அடையாளம். இரண்டிலும் ஒரே பொட்டா என்று பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். ஏசி உள்ள காருக்கும் இல்லாததற்கும் வேறு வேறு ஸ்பிரிங் வருவதுண்டு.

வீட்டிலேயே கழற்றலாமா என்று உங்கள் தம்பி கேட்டிருக்கிறார். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடக் கூடாது. நூற்றுக்கணக்கான கிலோ அமுக்கத்தில் இருப்பது விடுபட்டால் கொட்டகை ஓட்டைப் பிரிக்கும், முகம் குறுக்கே இருந்தால் முகத்தை. கயிற்றைக் கட்டி இறக்குகிற கெட்டிக்காரர்கள் உண்டு. தம்பியை அவர்களிடம் பழக விடாதீர்கள்.

2 பிப்ரவரி

பழைய கான்டெஸா கார் வைத்திருக்கும் புதுவயல்காரருக்கு: முன்பக்கக் காயில் கடையில் கிடைக்கவில்லை என்றால் அளவு கொடுத்துச் சுற்றி வாங்கலாம். கம்பி விட்டம் துருவில்லாத இடத்தில் அளந்தது, சுருளின் வெளிவிட்டம், கழற்றிப் போட்டால் நிற்கிற உயரம், மொத்தச் சுற்று, முனை எப்படி முடிகிறது, இடஞ்சுழியா வலஞ்சுழியா. உடைந்த துண்டை மட்டும் அனுப்பினால் உயரம் தெரியாது, உடையாத பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சுற்றியபின் பதம் போட்டு, குண்டடித்து, கோட்டிங்கோடு தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். கருப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதைக் கோட்டிங் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.